பதினான்காம் குறிக்கு அப்பால்

ஓருரோ
ஜூன் 28, 1983

அன்புள்ள அண்ணன் இலாரியோனுக்கு,

தங்கை செனோபியா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முதுகுவலி, டெல்ஃபினா அண்ணியின் இருமல், பெனீத்தாவின் ஆடுகிற பல் மூன்றையும் பற்றி மறக்காமல் எழுது. சான் ஹுவான் திருநாள் குளிரில் இங்கே குழாய்த் தண்ணீரே உறைந்துவிட்டது. மலைமேல் சோராபாதாவில் எப்படி இருக்கும் என்று நினைத்தாலே பல் கிட்டுகிறது.

சனிக்கிழமை லாரியில் ஒரு மரப்பெட்டி வரும். டிரைவரிடம் "குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து நான் செய்த பெட்டி அது. நான்கு இரும்பு முளை, நான்கு ஒயர், ஒரு பேட்டரி, ஒரு முள். முளைகளை வரிசையாகப் பாறையில் அடித்து, அடித்த இடத்தில் உப்புத்தண்ணீர் ஊற்றி, மின்சாரத்தைச் செலுத்து. காய்ந்த பாறை மின்சாரத்தை விடாது, எண் பெரிதாக வரும். உள்ளே தண்ணீர் இருந்தால் எண் சரிந்துவிடும். நம் சுரங்கத்தின் மஞ்சள் தண்ணீர், பூட்ஸையே தின்கிற அந்தக் கோப்பாஹிரா, இருந்தால் இன்னும் அதிகமாகச் சரியும்.

240-ஆம் லெவலில் மேனேஜர் புதுப் பாதை வெட்ட நினைப்பது உனக்குத் தெரியும். அதற்கு அப்பால் எங்கோ பழைய முதலாளி காலத்துத் தோண்டல்கள் தண்ணீர் நிரம்பிக் கிடக்கின்றன. எங்கே என்று காட்டும் வரைபடம் எந்தக் காலத்திலோ எரிந்துபோனது. 180-ஆம் லெவலில் இப்படித் தெரியாமல் வெட்டித்தான் அண்ணியின் அப்பாவோடு ஐந்து பேர் போனார்கள். இனி யாரும் குருட்டுத்தனமாக வெட்டக்கூடாது என்றுதான் இந்தப் பெட்டி.

புதுப் பாதை போகவேண்டிய கோட்டை ஒட்டியே ஒரு பழைய பக்கவழி இருக்கிறதே, அதில் ஐந்து மீட்டருக்கு ஒன்றாகப் பதினாறு குறி வை. ஒவ்வொரு குறியிலும் மின்சாரத்தை இரண்டு திசையிலும் செலுத்தி, திசைக்கு மூன்று முறை எழுது. அங்கேயே, அப்போதே எழுது. குறிக்கு ஒரு தாள்.

இதையெல்லாம் நானே இறங்கிச் செய்திருப்பேன். சுரங்கப் பொறியியல் ஐந்து வருடம் படித்தவள் சுரங்கத்தை வாசலோடு பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். பெண் காலை வைத்தால் உள்ளே கொம்பும் சிகரெட்டுமாகச் சிலையாய் உட்கார்ந்திருக்கிற நம் சுரங்கச் சாமி மாமாவுக்குப் பொறுக்காது, தாது ஓடி ஒளிந்துகொள்ளும் என்பது நம் ஊர் நியாயம். அதனால் என் கண்ணும் கையும் நீதான்.

உன் தங்கை,
செனோபியா

*

சோராபாதா
ஜூலை 14, 1983

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. உன் அண்ணிக்கு இருமல் தணிந்து, என்னைத் திட்டுகிற அளவுக்குக் குரல் வந்துவிட்டது. பல் விழுந்தது. அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று பெனீத்தா அதைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

பெட்டி வந்து சேர்ந்தது. சுரங்க வாசலில் அதை இறக்கும்போதே கூட்டம். "என்ன சர்வேயரே, தங்கச்சி ரேடியோ அனுப்பிருக்கா போல. பாட்டு வருமா?" என்றான் ஒருவன். என் மச்சினன் எலெவுதேரியோ பக்கத்தில் நின்றான். "பாட்டெல்லாம் வராதுடா. இது கல்லுக்கு நாடி பாக்குற பெட்டி. உன் மண்டையில வச்சா எண்ணே காட்டாது" என்றான். 

இதுவரை எட்டுக் குறி முடித்தேன். தாள்களை அனுப்புகிறேன். சேறும் மெழுகும் ஒட்டியிருக்கும், மன்னித்துக்கொள். மண்டியிட்டுக்கொண்டு, தாளைத் தொடைமேல் வைத்து எழுதுகிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பாறையின் நீளத்தையும் கோணத்தையும் அளக்கிறேன். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது இதுதான் முதல் தடவை. முள் நடுங்கி நிற்கும்போது எனக்கும் நெஞ்சு கொஞ்சம் நடுங்குகிறது. உன்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப்போனது வீண் போகவில்லை.

ஒரு சங்கதி. பதினான்காவது குறி மாமாவின் முதுகுக்குப் பின்னால் வருகிறது. பதினைந்தும் பதினாறும் அதற்கு அப்பால். ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். பார்க்கலாம்.

இங்கே மழை என்ற பேச்சே இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
இலாரியோன்

*

ஓருரோ
ஜூலை 27, 1983

என் கண்ணும் கையுமான அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். எல்லோரும் என்றால் நானும், வாடகை அறையின் பூனையும்.

எட்டுத் தாளையும் மேஜைமேல் பரப்பி வைத்துப் பார்த்தேன். 417, 423, 409 என்று எண்கள் நிற்கின்றன. காய்ந்த, கெட்டியான பாறை. பேராசிரியர் உர்கிடி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "இத எடுத்தது யாரு, எஞ்சினியரா?" என்று கேட்டார். "எங்கண்ணன், சார்" என்றேன். "எஞ்சினியர விட நல்லா எடுத்திருக்காரு" என்றார். எனக்கு அன்று பூமியில் கால் படவில்லை.

ஆனால் அவசரம் வந்துவிட்டது. மேனேஜர் ஆகஸ்ட் முடிவுக்குள் அறிக்கை கேட்கிறார். அதன் பேரில்தான் புதுப் பாதையைத் தொடங்குவார். அதோடு போட்டோசிக்காரர்களும் தங்கள் சுரங்கத்துக்குப் பெட்டியைக் கேட்கிறார்கள். ஆகஸ்ட் இருபதுக்குள் பதினாறு குறியும் வராவிட்டால், இந்த ஆராய்ச்சியையே வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் நேராகவே சொன்னார். அந்த வேறு ஆள் யார் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் பேட்டரி எந்தப் பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஆனால் அவன் சுரங்கத்துக்குள் இறங்கலாம்.

மாமாவின் முதுகைப் பற்றி எழுதியிருந்தாய். என் சார்பில் இரண்டு சிகரெட்டும் ஒரு கை கோகா இலையும் வைத்துவிட்டு வேலையைப் பார். கடைசி மூன்றும்தான் முக்கியம். மூன்றே மூன்று தாள். நீ நினைத்தால் ஒரு காலை வேலை.

தங்கை,
செனோபியா

*

சோராபாதா
ஆகஸ்ட் 17, 1983

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? அண்ணி உனக்காகக் காய்ந்த உருளைக்கிழங்கு ஒரு பை கட்டி வைத்திருக்கிறாள். அடுத்த லாரியில் வரும்.

மாதம் பிறந்த அன்று சுரங்க வாசலில் லாமா பலி கொடுத்தோம். இரண்டு வெள்ளை லாமா. இந்த வருடம் வறட்சியில் நல்லதாக ஒன்று கிடைப்பதே பாடாகிவிட்டது. யூனியன்காரர்கள் மூன்று பள்ளத்தாக்கு தாண்டிப் போய் வாங்கி வந்தார்கள். பேண்டு வாத்தியம் வந்தது. கொம்பு ஊதுகிற ஒருவனுக்கு உதடு வெடித்து ரத்தம் வந்தும் நிறுத்தவில்லை. பெனீத்தாவுக்கு நெற்றியில் ரத்தப் பொட்டு வைத்தார்கள். மூன்று நாள் முகம் கழுவ மாட்டேன் என்றாள். பள்ளிக்கூடத்தில் புது டீச்சர் வந்திருக்கிறார், கோச்சபாம்பாக்காரர். குளிருக்கு இரண்டு தொப்பி போட்டுக்கொண்டு பாடம் எடுக்கிறார். என் பழைய பூட்ஸ் கடைசியில் வாயைத் திறந்துவிட்டது. புதிதுக்குச் சொல்லியிருக்கிறேன்.

தாள்கள் உள்ளே இருக்கின்றன. எண்கள் நன்றாகவே இருக்கின்றன.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அண்ணன்

*

ஓருரோ
செப்டம்பர் 3, 1983

அன்பு அண்ணா,

உடம்பும் மனசும் இவ்வளவு நன்றாக இருந்து எத்தனையோ நாள் ஆகிறது.

கடைசி மூன்றும் 440, 445, 450. தண்ணீரின் வாடையே இல்லை. உன் தாள்கள் வந்த மூன்றாம் நாளே அறிக்கையைத் தட்டச்சு செய்து கொடுத்துவிட்டேன். "புதுப் பாதையின் எண்பது மீட்டருக்குள் நீர் இருப்பதற்கான அறிகுறி இல்லை" என்று நானே என் கையால் எழுதினேன். கீழே என் பெயர். மேனேஜர் ஒப்புக்கொண்டார். வரும் வாரம் மூன்றாம் குறிக்கு நேராக வெட்டத் தொடங்குவார்களாம்.

எலெவுதேரியோ அந்த வெட்டு முகப்பில்தான் டிரில் பிடிக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அண்ணியிடம் சொல்: இந்தத் தடவை தம்பியை நிம்மதியாக அனுப்பலாம்.

பேராசிரியர் எனக்குத் தனி மேஜை கொடுத்திருக்கிறார். ஜன்னல் ஓரம். இதில் பாதி உனக்குச் சேரவேண்டியது.

தங்கை,
செனோபியா

*

சோராபாதா
செப்டம்பர் 16, 1983

தங்கைக்கு,

எல்லோரும் சுகம். நீ எழுதியதை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன்.

பாதை தொடங்கிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர் போகிறது. பாறை நல்ல பாறை. ஒவ்வொரு ஷிப்டும் நானே போய்ப் பார்த்து வருகிறேன்.

மேஜை கிடைத்தது சந்தோஷம். ஜன்னல் ஓரம் காற்று வரும், கழுத்துக்குத் துணி கட்டிக்கொள்.

இலாரியோன்

*

ஓருரோ
செப்டம்பர் 24, 1983

அன்பு அண்ணா,

நீங்கள் எல்லோரும் நலம்தானா? இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை.

நேற்றுப் பதினாறு தாளையும் கோப்பில் தைக்க எடுத்தேன். பதிமூன்று தாளில் சேறு இருக்கிறது, மெழுகு சொட்டியிருக்கிறது, ஒன்றில் உன் கட்டைவிரல் ரேகையே விழுந்திருக்கிறது. கடைசி மூன்றும் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. எழுத்து நேர்கோட்டில் போகிறது, மேஜையில் உட்கார்ந்து எழுதின மாதிரி.

அப்புறம் எண்களைப் பார்த்தேன். உன் மற்றத் தாள்களில் ஒரு திசையில் 417 என்றால் மறு திசையில் 421. எப்போதும் கொஞ்சம் தள்ளித்தான் வரும், பாறையின் குணம் அது. பதினான்கில் இரண்டு திசையும் 440. பதினைந்தில் இரண்டும் 445. பதினாறில் இரண்டும் 450. பதினெட்டு முறை அளந்ததில் ஒரு தடவைகூட முள் அசையவில்லை. அண்ணா, பாறைக்கு இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இதை அறிக்கை எழுதுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியவள் நான். நல்ல எண் வந்த சந்தோஷத்தில் பார்க்கவில்லை.

நான் தப்பாக நினைத்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டி எழுது, வாங்கிக்கொள்கிறேன். இல்லையென்றால் ஒரே ஒரு வரி எழுது. பதினான்காம் குறியில் முளை அடித்தாயா?

செனோபியா

*

ஓருரோ
அக்டோபர் 6, 1983

அண்ணா,

குழந்தைக்கோ அண்ணிக்கோ உடம்பு சரியில்லையா? அதனால்தான் நீ எழுதவில்லை என்று நினைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். பன்னிரண்டு நாளில் லாரி நான்கு தடவை வந்து போயிற்று. உருளைக்கிழங்குப் பைகூட வந்தது. அதற்குள் கையை விட்டுத் துழாவினேன். கடிதம் இல்லை.

மேனேஜருக்கு டெலிபோன் செய்தேன். "ரெண்டு வாரம் வேலைய நிறுத்தி வைங்க சார், மறுபடி அளக்கணும்" என்றேன். "எதுக்கும்மா? உங்க அறிக்கைய வச்சுத்தானே வெட்டுறோம். காரணம் இருந்தா எழுத்துல குடுங்க" என்றார். எழுத்தில் கொடுத்தால் முதலில் உன்னைத்தான் கூப்பிட்டு நிறுத்துவார்கள். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுத முடியவில்லை.

ஒரு நாளைக்கு ஒன்றரை மீட்டர். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியும்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
தங்கை

*

சோராபாதா
அக்டோபர் 10, 1983

செனோபியா கண்ணு,

அண்ணி எழுதறேன். எனக்கு எழுத்து அவ்வளவா வராது, வாயில வர்றத அப்படியே எழுதறேன். உடம்புக்கு எங்களுக்கு ஒண்ணும் இல்ல. வீடுதான் சரியில்ல.

உன் ரெண்டு கடிதாசும் இங்கதான் இருக்கு. உங்கண்ணன் படிச்சுட்டு, மாட்டியிருக்கிற சாமி படத்துக்குப் பின்னால சொருகி வச்சிட்டாரு. நான் எடுத்துப் படிச்சேன். படிச்சதும் கேட்டேன். "என்னங்க, முளை அடிச்சீங்களா இல்லையா?" "எண்ணு சரியாத்தான் இருக்கு, நீ சோத்தப் பாரு"ன்னாரு. மூஞ்சியப் பாத்துச் சொல்லல.

அதனால எலெவுதேரியோவக் கேட்டேன். அவன் சொல்லிட்டான். ஆகஸ்ட்டுல நடந்திருக்கு. அன்னிக்கு உங்கண்ணன் முளையும் சுத்தியலுமா மாமா இருக்கற எடத்துக்குப் போயிருக்காரு. பெருசுங்க நாலு பேர் குறுக்க வந்து நின்னுருக்காங்க. "சர்வேயரே, இது ஆகஸ்டு. மண்ணு பசியில வாய் தொறந்து கெடக்கு. இப்பப் போய் அவரு முதுகுல இரும்ப அடிப்பியா? மாசம் முடியட்டும், மாமாவுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டு நாங்களே அடிச்சுக் குடுக்கறோம்"ன்னு சொல்லிருக்காங்க. அவரு முளையோட திரும்பிட்டாரு. நீ இருபதாம் தேதின்னு எழுதியிருந்தியே. வீட்டுல வந்து, இதோ இந்த அடுப்பங்கரை மேஜையிலதான் உக்காந்து எழுதினாரு. நான் கெழங்கு உரிச்சுக்கிட்டுப் பக்கத்துலதான் இருந்தேன். ஏதோ பாத்து எழுதறாருன்னு நெனச்சேன்.

இப்ப தினம் மூணு ஷிப்டும் போறாரு. முகப்புக் கல்லுல உள்ளங்கைய வச்சு ஈரம் இருக்கான்னு பாக்கறாராம். தம்பி சொல்றான், "அத்தான் கல்லத் தடவறதப் பாத்தா பயமா இருக்கு அக்கா." நேத்து பதினோராம் குறியத் தாண்டிட்டாங்க.

எங்கப்பாவத் தண்ணி கொண்டுபோனப்ப எனக்கு ஒம்பது வயசு. பொணம்கூட வரல. நான் உங்கண்ணனக் காட்டிக் குடுக்கறேன்னு நெனைக்காத. அவரும் எனக்கு வேணும். தம்பியும் எனக்கு வேணும். படிச்சவ நீ, என்ன செய்யணும்னு உனக்குத் தெரியும். சீக்கிரம் செய்.

டெல்ஃபினா

*

ஓருரோ
அக்டோபர் 13, 1983

சோராபாதா சுரங்கத் தொழிலாளர் யூனியன் ரேடியோவுக்கு,

தோழர்கள் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை காலை முதல் ஷிப்டு இறங்குவதற்கு முன் படியுங்கள். ஸ்பானிய மொழியில் ஒரு தடவை, கெச்சுவாவில் இரண்டு தடவை.

நான் செனோபியா கோல்கே. சோராபாதாவில் பிறந்தவள். 240-ஆம் லெவலில் நீர் இல்லை என்று அறிக்கை கொடுத்த பொறியாளர் நான்தான்.

அந்த அறிக்கை தவறு. பதினான்கு, பதினைந்து, பதினாறாம் குறிகளில் யாரும் எதையும் அளக்கவில்லை. அந்த எண்கள் பொய். அறிக்கையை நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் அந்தப் பொய்யை உண்டாக்கியவள் நான். வேறு யாரையும் கேட்க வேண்டாம். மேனேஜருக்கும் என் பேராசிரியருக்கும் இதையே எழுதி இன்றே அனுப்பிவிட்டேன்.

பதினான்காம் குறிக்கு அப்பால் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது என்பதைத்தான் நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். முகப்பில் இருப்பவர்கள் டிரில்லைக் கீழே வையுங்கள். வெடி வைக்காதீர்கள். உண்மையில் அளந்து பார்க்கும்வரை யாரும் அந்தப் பாதைக்குள் போகாதீர்கள். மேனேஜர் போகச் சொன்னாலும் போகாதீர்கள்.

உங்களிடம் மன்னிப்பு கேட்கிறேன்.

செனோபியா கோல்கே

*

சோராபாதா
அக்டோபர் 24, 1983

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். எலெவுதேரியோவும், அவனோடு டிரில் பிடித்த மூன்று பேரும் உயிரோடு இருக்கிறார்கள். உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இதுதான் பதில்.

சனிக்கிழமை விடியலில் அண்ணி சோளக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. உன் பெயரைச் சொன்னதும் கரண்டியை வைத்துவிட்டாள். ஸ்பானிய மொழியில் ஒரு தடவை, கெச்சுவாவில் இரண்டு தடவை. மூன்று தடவையும் நின்றுகொண்டே கேட்டேன். முடிந்ததும் அண்ணி என்னைப் பார்த்தாள்.  பெனீத்தாதான், "அத்தை ஏம்ப்பா பொய் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தெருவெல்லாம் அதே பேச்சு. "பொம்பள கை வச்சா இப்படித்தான். அதுக்குத்தான் உள்ள விடாம வச்சிருக்கு" என்று என் பக்கத்திலேயே ஒருவன் சொன்னான். எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து இன்னொருவன், "விடுங்க சர்வேயரே, தங்கச்சி செஞ்சதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றான். செனோபியா, நான் அப்போதும் பேசவில்லை. ஆஸ்பத்திரி மூலையிலிருந்து சுரங்க வாசல் வரை அவர்களோடு வாயை மூடிக்கொண்டு நடந்தேன். அந்தத் தூரத்தை நான் பல தடவை அளந்திருக்கிறேன். முந்நூற்று நாற்பது மீட்டர். நீ என்னை எதற்கு மன்னித்தாலும் அதற்கு மன்னிக்காதே.

வாசலில் மேனேஜர் நின்று, "ஏதோ படிச்ச பொண்ணு பயந்துபோய் எழுதியிருக்கு, இறங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எலெவுதேரியோ விளக்கை மாட்டிக்கொண்டு, இறங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் என் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் வாய் வந்தது. "அந்த எண்ண எழுதினது நான். என் தங்கச்சி இல்ல. எங்க வீட்டு மேஜையில உக்காந்து எழுதினேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். எல்லோருக்கும் கேட்டுவிட்டது. எலெவுதேரியோ என் பக்கம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. "முளை எங்க இருக்கு அத்தான்?" என்று மட்டும் கேட்டான்.

ஆகஸ்டில் குறுக்கே நின்ற அதே நான்கு பெரியவர்களும் எங்களோடு இறங்கினார்கள். மாமாவுக்குச் சாராயம் ஊற்றி, கோகா இலை வைத்து, வாயில் சிகரெட் பற்றவைத்தார்கள். அவர்களில் மூத்தவர் என்னைப் பார்த்து, "மாசம் முடியட்டும்னுதானே கேட்டோம். இல்லன்னா சொன்னோம்?" என்றார். உண்மைதான். செப்டம்பர் பிறந்ததும் அவர்களே அடித்துக் கொடுத்திருப்பார்கள். உனக்கு ஒரு வரி, "இரண்டு வாரம் பொறு" என்று எழுதியிருக்கலாம். உன்னிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. சின்ன வயதிலிருந்தே வராது. பதிமூன்று எண்ணும் நானூறுக்கு மேலே வந்ததே, மிச்ச மூன்றும் அப்படித்தான் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போட்டோசிக்கு இன்னும் போகாத பெட்டியை நான் தூக்கி வந்தேன், முளைகளை எலெவுதேரியோ அடித்தான். பதினான்காம் குறியில் ஒரு திசை 231, மறு திசை 238. பதினைந்தில் 58, 61. பதினாறில் முள் எழுந்திருக்கவே இல்லை. ஒன்பது என்று எழுதினேன். மறு திசையில் பன்னிரண்டு. நான் எழுதுவதைப் பெரியவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். எண் தெரியாதவருக்கும் அது புரிந்தது.

ஆட்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, புதுப் பாதையின் முகப்பில் நீளமான ஒல்லித் துளை போட்டு, குழாயும் அடைப்பானும் பொருத்தினோம். எட்டாவது மீட்டரில் தண்ணீர் வந்தது. டிரில் கம்பியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு மஞ்சளாகப் பீய்ச்சியடித்தது. ஐந்து நாளாக வடிந்துகொண்டிருக்கிறது, இன்னும் அழுத்தம் குறையவில்லை. நீ அன்றைக்கு எழுதாமல் இருந்திருந்தால் இன்னும் ஐந்தாறு நாள். அவ்வளவுதான் மிச்சம் இருந்தது. எலெவுதேரியோ அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். வெளியே வந்ததும் அக்காளைக் கட்டிக்கொண்டு அழுதான். என்னோடு இன்னும் பேசவில்லை.

என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நவம்பர் முடிய வீட்டையும் காலி செய்ய வேண்டும். நியாயம்தான், அதைப் பற்றி நீ எங்கும் போய்க் கெஞ்சாதே. உன் பேராசிரியர் ஜீப்பில் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆராய்ச்சியிலிருந்து உன்னை விலக்கி வைத்திருப்பதாக அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. "அந்தப் பொண்ணு உங்களக் காப்பாத்த தன் தலையக் குடுத்திருக்கு" என்றார்.  புதிய தாள்கள் மூன்றையும் அவரே வாங்கிக்கொண்டு போனார். உன் மேஜைக்கு மறுபடி உன்னைக் கூப்பிடுவார் என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் போ. ரோஷம் பார்க்காதே.

நேற்று யூனியன் கூட்டம். 180-இலும் 210-இலும் இதே மாதிரி அளக்க வேண்டும் என்று முடிவானது. யார் அளப்பது என்ற பேச்சு வந்தது. "சர்வேயர் வேண்டாம்" என்றார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது தாது பொறுக்குகிற பெண்கள் பதினைந்து பேரோடு உன் அண்ணி எழுந்து, "பெட்டியச் செஞ்சவள உள்ள விடுங்க" என்றாள். "பொம்பள எறங்கினா தாது ஓடிரும்மா" என்றார் ஒரு பெரியவர். "ஓடட்டும். எங்கப்பன் மேல தண்ணி ஓடி வந்ததுக்கு அது தேவல" என்றாள்.  அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். எண்ணிப் பார்த்ததில் உன்னை விடலாம் என்பதற்கு ஏழு கை அதிகம். எலெவுதேரியோவின் கையும் அதில் இருந்தது. இறங்குவதற்கு முன் நீ மாமாவுக்கு உன் கையாலேயே சாராயம் ஊற்ற வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

செவ்வாய்க்கிழமை லாரியில் வா. அண்ணி சமைத்து வைப்பாள், வந்ததும் முதலில் சாப்பிடு. விளக்கையும் தலைக்கவசத்தையும் நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன், இனி எனக்கு உள்ளே போக அனுமதி இல்லை. பெட்டியை வாசல் வரை நான் தூக்கிக்கொண்டு வருகிறேன். அதற்கு மேல் எலெவுதேரியோ தூக்குவான். நீ இறங்கி வேலையை முடித்து வெளியே வரும்வரை நான் வாசலில் நிற்கிறேன்.

உன் அண்ணன்,
இலாரியோன் கோல்கே